பெங்களூரிலிருந்து எரிகல் மழையைப் பார்க்க முடியுமா? டெலஸ்கோப் வேண்டுமா?

ராமமூர்த்தி நகரில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன ஆகஸ்டில் எரிகல் மழை என்று செய்தியில் சொன்னார்கள். ஆறாவது படிக்கும் மகளோடு இரண்டு மணி நேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை. பெங்களூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்க்க முடியுமா? டெலஸ்கோப் வாங்க வேண்டுமா? எந்தப் பக்கம் பார்ப்பது என்றும் தெரியவில்லை. மகள் மக நட்சத்திரம். என் நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை."

முடியும். டெலஸ்கோப் வேண்டாம். ஆகஸ்டை விட்டுவிட்டு டிசம்பர் 13-ம் தேதி இரவு மகளை மாடிக்குக் கூட்டிப் போங்கள்.

ஆகஸ்டில் உங்கள் மேல் தவறு ஏதும் இல்லை. அப்போது வருவது பெர்சியஸ் என்ற விண்மீன் கூட்டத்து எரிகல் மழை. ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்மீன் 133 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிப்போகிறது, அது வழியெல்லாம் உதிர்த்த தூசுக்குள் பூமி நுழையும் நாட்கள் அவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது கோடை இரவு, வானமும் தெளிவு, அதனால் உலகச் செய்தியாகிறது. நமக்கு அது தென்மேற்குப் பருவமழைக் காலம். வாரக்கணக்கில் மேகம் விலகாது. விலகினாலும், பெங்களூர் நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை (டிகிரி) வடக்கில் இருப்பதால் பெர்சியஸ் நமக்கு உயர ஏறுவதே இல்லை. அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதிவழி வந்து சேரும்போது பொழுது விடிந்துவிடும்.

டிசம்பரில் வருவது மிதுன ராசி எரிகல் மழை. ஆண்டில் வரும் எல்லா எரிகல் மழைகளிலும் நம் ஊருக்கு இதுவே சிறந்தது என்று நான் நினைக்கிறேன். எரிகற்கள் புறப்பட்டு வருவதுபோலத் தெரியும் புள்ளி, புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களில் ஒன்றான காஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது இரவு எட்டு மணிக்கு முன்பே வடகிழக்கில் எழுந்துவிடும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அந்த அளவில், பத்து மணிக்குப் புள்ளி மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும். நள்ளிரவில் ஐந்து. பின்னிரவு இரண்டேகால் வாக்கில் வடக்கே பார்த்து நின்றால் ஏழு முஷ்டி, கிட்டத்தட்ட தலைக்கு மேல். குழந்தையைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டியதில்லை, பத்து மணிக்கே ஆரம்பித்துவிடலாம்.

முழு இருட்டில், புள்ளி உச்சியில் நிற்கும்போது மணிக்கு 120 முதல் 150 வரை தெரியும் என்பது கணக்கு. பெங்களூர் மாடியில் அதை எதிர்பார்க்காதீர்கள். மங்கலான எரிகற்களை எல்லாம் ஊர் வெளிச்சம் விழுங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் ஐந்து முதல் பத்து கிடைத்தால் அது நல்ல இரவு. "மழை" என்ற சொல்லை நம்பி உட்கார்ந்தவர்கள்தான் அரைமணியில் எழுந்து போகிறார்கள். மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இது தூறல், ஒவ்வொரு துளிக்கும் காத்திருக்க வேண்டும்.

எல்லாம் ஏன் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன என்று கேட்பாள். மழை நாளில் ஓசூர் ரோட்டில் இரவு காரில் போயிருப்பீர்கள். துளிகள் நேராகத்தான் விழுகின்றன. ஆனால் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிரே ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து வருவதுபோல இருக்கும். பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார். தூசுகள் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் வருகின்றன, விரிவதுபோலத் தெரிவது நம் பார்வைக்கு. பின்கண்ணாடியைவிட முன்கண்ணாடியில் துளி அதிகம் விழுமே, அதுவும் இங்கே பொருந்தும். நள்ளிரவுக்குப் பிறகு நாம் நிற்கும் பக்கம்தான் பூமியின் முன்கண்ணாடி. அதனால்தான் பெரும்பாலான எரிகல் மழைகள் பின்னிரவில் கூடுகின்றன.

பெரும்பாலான எரிகல் மழைகளுக்குத் தாய் வால்மீன். இதற்குத் தாய் ஒரு பாறை. ஃபேத்தான் என்ற சிறுகோள். 1862-லிருந்தே இந்த மழையைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள், தாய் யாரென்று தெரிந்தது 1983-ல்தான். அந்த ஆண்டு ஐராஸ் என்ற செயற்கைக்கோள் அகச்சிவப்பு ஒளியில் வானத்தைத் துழாவியபோது ஃபேத்தான் அகப்பட்டது. அதன் பாதையும் இந்தத் தூசின் பாதையும் ஒன்றாக இருந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் சற்றுக் குறைவான காலத்தில் சூரியனைச் சுற்றும் அது, புதன் கோளைவிடவும் சூரியனை நெருங்கிப் போய்த் திரும்புகிறது.

நாம் பார்க்கும் ஒவ்வொரு கீற்றும் ஒரு மணல் பருக்கை, பெரிதாக இருந்தால் ஒரு பட்டாணி. வேகம் வினாடிக்கு 35 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து மைசூருக்கு நான்கு வினாடி. நவம்பரில் வரும் சிம்ம ராசி எரிகற்கள் இதைவிட இரண்டு மடங்கு வேகம், கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். மிதுனத்து எரிகல் அப்படி அல்ல. "அதோ" என்று கை நீட்டிப் பக்கத்தில் இருப்பவரைத் திருப்பக்கூட சில சமயம் நேரம் கிடைக்கும்.

உயரத்தையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஏறக்குறைய 90 கிலோமீட்டர் மேலே அவை எரிகின்றன. உங்கள் மாடியிலிருந்து தெற்கே, சற்றுக் கிழக்குத் தள்ளி, மூன்று முஷ்டி உயரத்தில் ஒன்றைப் பார்த்தீர்களானால் அது சேலத்துக்கு மேலே எரிகிறது. அதே நொடியில் சேலத்தில் ஒருவர் மாடியில் படுத்திருந்தால் அவருக்கு அது நேர் உச்சியில் தெரியும். சேலத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அன்றிரவு போனில் பேசிவைத்து, நேரத்தைக் குறித்துச் சரிபார்க்கலாம். நாங்கள் ஒரு வருடம் செய்தோம், இரண்டு எரிகற்கள் நேரம் பிசகாமல் ஒத்துப்போயின.

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அல்சூரில் எங்கள் மாடியில் படுத்திருந்தோம். பதினொன்றரை மணி. ஜமக்காளம் பனியில் ஈரமாகி முதுகு சில்லென்றிருந்தது. கீழே கடைசியாக ஒரு ஆட்டோ போய் அடங்கியது. தண்ணீர் டேங்கின் வலது ஓரத்திலிருந்து மஞ்சளாக ஒன்று புறப்பட்டு, நிதானமாக, டேங்கின் முழு அகலத்தையும் கடந்து, கடைசியில் சற்று வீங்கி அணைந்தது. அவன் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு, "சத்தம் ஏன் வரல மாமா?" என்றான். நல்ல கேள்வி. அவ்வளவு உயரத்திலிருந்து சத்தம் கிளம்பினால் நம்மிடம் வந்து சேர நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்தச் சின்னப் பருக்கைகள் எழுப்பும் அதிர்வு கீழே வந்து சேர்வதே இல்லை. சொன்னேன். அவன் நம்பாமல் நாலு நிமிடம் எண்ணிக்கொண்டு காத்திருந்தான். அந்த நாலு நிமிடத்துக்குள் இன்னொன்று வந்தது.

இனி, எந்தப் பக்கம் பார்ப்பது என்ற கேள்வி. இதற்குத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். வானத்தின் வரைபடம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். தேதிக்குக் கீழே திதி, நட்சத்திரம் என்று போட்டிருக்கும். நல்ல நேரம் பார்க்க மட்டும் அதைப் புரட்டுகிறோம். ஆனால் அந்த நட்சத்திரப் பெயர், இன்று நிலா வானத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கான முகவரி. நிலா வானத்தை ஒரு சுற்று சுற்றிவர 27 நாளும் எட்டு மணி நேரமும் ஆகிறது. அந்த வழியை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் அங்கே இருக்கும் மீனின் பெயரை வைத்தார்கள். காலண்டரில் இன்று ரோகிணி என்றிருந்தால் இரவு நிலாவைப் பாருங்கள், பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் இருக்கும். அதுதான் ரோகிணி. சம பங்காகப் பிரித்ததால் சில நாள் ஒரு முஷ்டி தள்ளி இருக்கலாம், அவ்வளவுதான். ஒரு மாதம் மகளோடு இதைச் செய்யுங்கள். நிலாவே வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டிக்கொடுக்கும்.

நம் பண்டிகைகளும் இதேதான். தைப்பூசத்தன்று முழுநிலா பூசத்தில் நிற்கிறது. மாசி மகத்தன்று மகத்தில். பங்குனி உத்திரத்தன்று உத்திரத்தில். கார்த்திகை தீபம் ஏற்றும் அன்று நிலா கார்த்திகை மீன்களை ஒட்டி நிற்கும். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒருமுறை தலை நிமிர்ந்தால் போதும்.

அந்தக் காலத்தில் இரவில் மணி பார்த்ததும் இந்த 27 பெயர்களை வைத்துத்தான். புறநானூற்றில் கூடலூர் கிழார் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. பங்குனி மாத நள்ளிரவில் ஒரு மீன் வானத்திலிருந்து எரிந்து விழுவதைப் பார்க்கிறார். சேர மன்னனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று நடுங்குகிறார். ஏழாம் நாள் மன்னன் இறந்துபோகிறான். எரிகல்லுக்கும் மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த நேரத்தைக் குறித்த விதம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது. உச்சியில் நின்ற மீன் சாய்கிறது, அதற்கு எதிரே ஒன்று கிழக்கில் எழுகிறது, முன்னே சென்றது மேற்கில் படிகிறது என்கிறார். பழைய உரை அந்த மூன்றையும் பெயர் சொல்கிறது: உச்சியில் உத்திரம், எழுவது மூலம், விழுவது மிருகசீரிடம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். உத்திரத்தையும் சேர்த்து முன்னோக்கி எண்ணினால் எட்டாவது மூலம். பின்னோக்கி எண்ணினால் எட்டாவது மிருகசீரிடம்.

அதே கணக்கை டிசம்பர் 13 இரவுக்குப் போடலாம். நள்ளிரவு தாண்டி அரைமணி. பெங்களூரில் அப்போது உச்சியில் மிருகசீரிடம். எட்டு முன்னே எண்ணினால் உத்திரம், கிழக்கில் அடிவானத்தில் எழுந்துகொண்டிருக்கும். எட்டு பின்னே எண்ணினால் பூரட்டாதி, மேற்கில் மறைந்துகொண்டிருக்கும். கிழாரின் இரவில் மேற்கே விழுந்த மீன் உங்கள் இரவில் தலைக்கு மேல் நிற்கிறது. நான் இதை மாடியில் சரிபார்த்திருக்கிறேன், கணக்கு தப்பவில்லை.

ஒன்பது மணிக்கு வானத்தில் நடை தொடங்க, கிழக்கே திரும்புங்கள். வரிசையாக மூன்று மீன்கள், ஒரே இடைவெளியில், செங்குத்தாக அடுக்கியதுபோல் நிற்கும். ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சை. எங்கு தப்பினாலும் இந்த மூன்றுக்குத் திரும்பிவிடலாம், பெங்களூர் வெளிச்சத்திலும் இவை தெரியும். இந்த வரிசையை மேலே நீட்டினால் ரோகிணி, இன்னும் போனால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. எத்தனை மீன் தெரிகிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்பது பழைய கணக்கு. எங்கள் மாடியில் எனக்கு நாலுதான் தெரியும், கோலார் தங்கவயலில் ஏழு வரை எண்ணியிருக்கிறேன். வரிசையைக் கீழே நீட்டினால் சிரியஸ், வானத்திலேயே அதிகம் ஒளிரும் விண்மீன், ஒன்பதரைக்கு மேல் நன்றாகத் தெரியும்.

கச்சைக்கு இடப்பக்கம் சிவப்பாக இருப்பது திருவாதிரை. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இந்த மீன் வெறும் கண்ணுக்கே தெரியும்படி மங்கிப்போனது. அது வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்தப் பிப்ரவரியில் தினமும் மாடிக்குப் போய் ரோகிணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பழகிய ஒருவர் காய்ச்சலில் கிடப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது. கச்சைக்கு வலப்பக்கம் வெண்மையாக இருப்பது ரைகல். ரைகலிலிருந்து திருவாதிரை வழியாக ஒரு கோடு இழுத்து நீட்டினால் அது புனர்பூசத்து இரட்டையரில் போய் முடியும். காஸ்டர், போலக்ஸ் இரண்டுக்கும் இடையே கை நீட்டினால் மூன்று விரல் அகலம் இருக்கும். எரிகற்களின் ஊற்று அங்கேதான்.

ஊற்றையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே தோன்றுபவை நம்மை நோக்கி வருவதால் குட்டையாக, புள்ளிபோல இருக்கும். நான்கைந்து முஷ்டி தள்ளி, எந்தப் பக்கம் வானம் அதிகம் கறுத்திருக்கிறதோ அங்கே கண்ணை வையுங்கள். ஒரு கீற்றைப் பார்த்ததும் அது வந்த வழியைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். புனர்பூசத்துக்குப் போனால் ஃபேத்தானின் பிள்ளை. போகாவிட்டால் வழிதவறி வந்த தனி எரிகல். மினுக்கி மினுக்கிப் போவது விமானம், ஒரே சீராக ஊர்ந்து போவது செயற்கைக்கோள்.

தெற்கே, நள்ளிரவுக்குப் பிறகு, இரண்டரை முஷ்டி உயரத்துக்குத் தனியாக ஒரு பெரிய மீன் ஏறி வரும். அகத்தியர். டெல்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு அது ஒரு முஷ்டிகூட ஏறாது, கட்டடத்துக்குப் பின்னாலேயே வந்து போய்விடும். பதிலுக்கு நமக்குத் துருவமீன் தாழ்வு, ஒரு முஷ்டிக்குச் சற்று மேல், பெரும்பாலும் அபார்ட்மென்ட் மறைத்துவிடும். சப்தரிஷி மண்டலம் முழுதாக வர பின்னிரவு இரண்டு மணி ஆகும். வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியை அப்போது தேடலாம்.

மாடியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத இடமாகப் படுங்கள். தண்ணீர் டேங்க்கின் நிழல் அதற்கென்றே கட்டியதுபோல் உதவும். நாற்காலி வேண்டாம், கழுத்து வலிக்கும். பாய், தலையணை, போர்வை, மகளுக்கு மங்கி குல்லா. இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் அத்தனையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அதனால் வானத்தைக் காட்டும் செயலிகளை நான் மாடிக்குக் கொண்டுபோவதில்லை. நேரம் குறிக்க ஒரு டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டில் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது.

டெலஸ்கோப் ஏன் வேண்டாம் என்றால், அது வானத்தில் ஒரு குண்டூசித் தலையளவு இடத்தைக் காட்டும் கருவி. எரிகல் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது, வானம் முழுவதையும் பிடிக்கக் கண்தான் வேண்டும். பணம் செலவழிக்க ஆசையிருந்தால் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். கார்த்திகைக் கொத்தை அதில் ஒருமுறை பார்த்தால் மகள் அதைத் திருப்பித் தரமாட்டாள்.

அமாவாசையை ஒட்டி வரும் வருடம்தான் நல்ல வருடம். 2026-ல் டிசம்பர் 9 அமாவாசை, ஆக 13-ம் தேதி இளம்பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். வங்கக்கடலில் புயல்சின்னம் என்றால் நமக்கும் மூட்டம் போடும். அப்படி ஆனால் 12-ம் தேதி இரவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 15-க்கு மேல் சட்டென்று குறைந்துவிடும்.

ஊரை விட்டுப் போக முடியுமானால் கிழக்கே போங்கள். நந்தி மலைக்கு இரவில் விடமாட்டார்கள், பக்கத்தில் விமான நிலைய வெளிச்சமும் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நல்ல இருட்டுதான், ஆனால் யானை நடமாடும் வழி. காட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் படுப்பது உயிருக்கு ஆபத்து, குழந்தையோடு அந்த யோசனையே வேண்டாம். நான் போவது கோலார் தங்கவயலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு. சுரங்கம் 2001-ல் மூடிய பிறகு ஊர் இருண்டுவிட்டது. மாரிகுப்பத்தில் சயனைடு மேட்டுக்கு மேலே ஓரியன் எழுவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அங்கே எரிநட்சத்திரம் விழுந்தால் எங்கள் பாட்டி, "பச்சை மரத்தைப் பாருடா" என்று கையைப் பிடித்து இழுப்பார். அதே ஊரில், பூமிக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோக்களை 1965-ல் விஞ்ஞானிகள் பிடித்தார்கள் என்பதைப் பாட்டி அறிந்திருக்கவில்லை.

இன்னும் தூரம் போக முடிந்தால் ஜவ்வாது மலையில் காவலூர். வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் தேடித் தேர்ந்தெடுத்த இடம். அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது, ராமானுஜன் என்று பெயரிட்ட சிறுகோளை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார்கள். அந்த மலையில் பால்வீதி நிழல்போல் அல்ல, மேகம்போல் தெரியும்.

மற்ற மழைகளில், மே 5, 6 தேதிகளில் விடியுமுன் வரும் ஹாலி வால்மீனின் தூசு நம் அட்சரேகைக்கு நன்றாக இருக்கும், கோடை மேகம் விட்டால். அக்டோபர் 21 வாக்கில் வருவதும் ஹாலியின் தூசுதான். ஜனவரி 3, 4-ல் ஒன்று உண்டு, உச்சம் சில மணி நேரமே நிற்கும்.

உங்கள் மகளின் நட்சத்திரம். மகம், சிம்மத்தின் நெஞ்சில் இருக்கும் வெண்ணீல மீன். ஆங்கிலத்தில் ரெகுலஸ் என்பார்கள். டிசம்பர் 13 இரவு பதினொரு மணிக்குக் கிழக்கு அடிவானத்தில் அப்போதுதான் எழுந்திருக்கும். அவள் தூங்கிப்போனால் பரவாயில்லை, விடியுமுன் ஐந்து மணிக்கு ஒருமுறை எழுப்பி மாடியின் நடுவில் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் பெங்களூரின் நேர் உச்சியில், ஒரு விரல் அகலம்கூடப் பிசகாமல், மகம் நிற்கும். எந்தத் திசைக்கும் திரும்ப வேண்டாம், தலையை முழுதாகப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தால் போதும்.